என் பெயரை இங்கிலீஷ்காரனிடமிருந்து திரும்ப வாங்கிக் கொடு

சிவகாசி,
தீபாவளி கழிந்த மறு வாரம், 2008

லண்டனில் இசை அமைத்துக்கொண்டிருக்கும் சிரஞ்சீவி பிரபாகரனுக்கு, அப்பா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. உன் அம்மா சௌக்கியம், அவளுடைய முட்டு வலியும் சௌக்கியம். பட்டாசு லோடெல்லாம் போய்விட்டதால் ஊர் இரைச்சல் அடங்கிக் கிடக்கிறது. அங்கே குளிருக்குக் காதை மூடிக்கொள்கிறாயா? உனக்குப் பிழைப்பே காதுதான் என்பதால் கேட்கிறேன்.

நிற்க. நீ பெரிய ஆளாகிவிட்டதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கேட்ட இடத்தில், நமக்கு அப்படி ஒன்று கிடையாதே என்று அப்பன் பெயரை எழுதினோம் பார், அங்கேதான் சனி பிடித்தது. அந்த ஊர்ப் பத்திரிகைக்காரர்கள் உன்னைக் கருத்தப்பாண்டி, கருத்தப்பாண்டி என்றே எழுதுகிறார்களாம். ஆசை ஆசையாகப் பிரபாகரன் என்று வைத்தேனே, அது என்னலே ஆச்சு?

நம் முதலாளி மகன் மணிகண்டராஜ் இதையெல்லாம் கம்ப்யூட்டரில் பார்த்து, காகிதத்தில் எடுத்துவந்து, ஆயுத பூஜையன்று கம்பெனியில் எல்லார் முன்னாலும் தமிழில் சொல்லிக் காட்டினார். நீ மேடையில் திரி எரிகிற சத்தத்தை மட்டும் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாயாம். சனமெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு காத்திருந்ததாம். கடைசிவரை வெடிக்கவே இல்லையாம். அதற்கு எழுந்து நின்று கைதட்டினார்களாம்! அன்றிலிருந்து, இந்தா வருது அந்தா வருது என்று மூச்சைப் பிடித்துக் காத்திருப்பதற்கு இங்கிலீஷில் என் பெயராம். 'ஸ்டேஷனில் வெகுநேரம் கருத்தப்பாண்டினோம், ரயிலைக் காணோம்' என்று ஒருவன் எழுதியிருக்கிறான். அடப்பாவிகளா! முப்பது வருஷம் போர்மேனாக இருந்திருக்கிறேன். நான் பார்த்து அனுப்பிய சரத்தில் ஒரு வெடி நமுத்துப்போனது என்று எந்த ஊர் ஏஜெண்டும் வாய் திறந்ததில்லை. வெடிக்காத வெடிக்கு என் பெயரா?

ஊரில் அதோடு விட்டார்களா? காலையில் கம்பெனி வேன் தாமதமானால், "வேனு இன்னைக்கும் கருத்தப்பாண்டிதானா அண்ணாச்சி?" என்று திரி கட்டுகிற பொன்மணி என்னிடமே வந்து கேட்கிறாள், ஆனைக்குட்டம் பக்கம் வானம் இருட்டிக்கொண்டு வந்து பெய்யாமல் போனால் அதுவும் நான்தான், டீ வரத் தாமதமானால் அதுவும் நான்தான், போன மாதம் திருத்தங்கலில் உன் சித்தப்பா மகள் சினேகா கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் வராமல் முகூர்த்தம் நழுவிக்கொண்டிருக்கும்போது உன் மாமன் சங்கிலிமுத்து மைக்கைப் பிடித்து, "வந்த சனமெல்லாம் கொஞ்ச நேரம் கருத்தப்பாண்டுங்க, மாப்பிள்ளை வந்துக்கிட்டே இருக்காரு" என்கிறான், மண்டபமே சிரிக்கிறது, பந்தியில் எனக்கு ரசம் ஊற்றியவன்கூட சிரிப்பை அடக்க முடியாமல் என் வேட்டியில் ஊற்றினான்.

இதில் உன் அம்மா பாடுதான் பெரும்பாடு. கல்யாணமான நாளிலிருந்து அவள் என் பெயரை வாயால் சொன்னதில்லை, உனக்குத் தெரியும். ரேஷன் கடையில் பெயர் கேட்டால் உன்னைத்தான் முன்னே தள்ளிவிடுவாள். முழுப் பெயரை விடு, பாதியைக்கூடச் சொல்லமாட்டாள். கருத்த ஆட்டை 'வெளுக்காத ஆடு' என்பாள். பாண்டியன் எக்ஸ்பிரஸ் அவளுக்கு 'மெட்ராசு ரயிலு'. இப்போது பக்கத்து வீட்டுச் சின்னத்தாய், குழாயில் தண்ணீர் வரவில்லை என்றாலும் என் பெயரைச் சொல்லித்தான் அலுத்துக்கொள்கிறாள். உன் அம்மா முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிடுகிறாள்.

கோபத்திலும் ஒன்று சொல்லவேண்டும். மணிகண்டராஜ் வாசிக்க வாசிக்க எனக்குக் கம்பெனிக்குப் பின்னால் இருந்த பொட்டல்தான் கண்ணில் வந்தது. சாம்பிள் வெடித்துப் பார்க்கிற நாளில் நீ சோற்றுத் தூக்கோடு வேலிக்கு அப்பால் நிற்பாய். நான் திரியில் ஊதுபத்தியை வைத்துவிட்டு ஓடிவந்து உன் காதைப் பொத்தினால், கையைத் தட்டிவிடுவாய். "இருப்பா, வெடிக்கிறதுக்கு முந்தி உள்ளதக் கேக்கணும்" என்பாய். வெடித்ததும் உன் முகம் வாடிவிடும். பட்டாசு வெடித்ததற்கு வாடுகிற பிள்ளையை இந்த ஊரிலேயே நான் ஒருவன்தான் பெற்றேன். இப்போதும் சாம்பிள் பார்க்கப் போனால், திரியைப் பற்றவைத்த கையோடு வேலிப்பக்கம்தான் கண் போகிறது. அந்த நாள் ஒன்றே ஒன்று திரும்பி வரக்கூடாதா என்று இருக்கிறது, தம்பி.

அதற்காகப் பெயரை விட்டுக்கொடுக்க முடியாது. தை மாதம் உன் பாட்டுத் தட்டு வெளிவருகிறதாமே. அட்டையில் பிரபாகரன் என்று மட்டும் போடு. சிவகாசியில் அச்சடித்தால் நானே பிரஸ்ஸில் நின்று என் பெயரை எடுத்திருப்பேன். அங்கே போய்விட்டதால் கெஞ்சுகிறேன். நமுத்துப்போனவன் என்ற பெயரோடு நான் சாகக்கூடாது.

வேளைக்குச் சாப்பிடு. காதில் எண்ணெய் விடாதே. மாரியம்மன் உன்னை அங்கேயும் வந்து பார்த்துக்கொள்வாள்.

இப்படிக்கு, அந்தப் பெயரின் அசல் சொந்தக்காரன்,
கருத்தப்பாண்டி

பி.கு.: நேற்று இதை மடித்து வைத்த கொஞ்ச நேரத்தில் கரண்ட் போய்விட்டது. விசிறிக்கொண்டு இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்திருந்தோம். வெகுநேரமாகியும் வரவில்லை. உன் அம்மா பெருமூச்சு விட்டு, "ஏங்க, இன்னும் எம்புட்டு நேரந்தான் இங்கன கருத்தப்பாண்டிக்கிட்டு இருக்கிறது?" என்றாள். எனக்கு விசிறி கையிலிருந்து விழுந்துவிட்டது. "என்ன சொன்ன?" என்றேன். நாக்கைக் கடித்துக்கொண்டு, "நான் இங்கிலீசுல்ல பேசுனேன், உங்களயா சொன்னேன்?" என்கிறாள். இருட்டிலும் அவள் வெட்கம் தெரிந்தது. "இன்னொருக்க சொல்லு" என்று கேட்பதற்குள் பாழாய்ப்போன கரண்ட் வந்து தொலைத்தது.

ஆகையால் தட்டில் என் பெயர் இருக்கட்டும். பெரிய எழுத்தில் போடு. இன்றைக்குக் கரண்ட் எப்போது போகும் என்று நான் காலையிலிருந்தே கருத்தப்பாண்டிக்கொண்டிருக்கிறேன்.