கலியன் இல்லாமல் ஓடாது

"அங்கிள், 'மாமியார்'னு போட்டிருக்கிற இந்தக் கட்டத்துல மட்டும் நம்பர் ஏன் தினமும் ஏறிக்கிட்டே போகுது?"

கலியனின் கையிலிருந்த மண் குவளை சாய்ந்தது. தேநீர் நேராகக் கீபோர்டுக்குள் போய் உட்கார்ந்தது.

புதிதாக வந்த பத்மஜா கேட்டது, பத்தொன்பது வருஷமாக அந்த ஆபீஸில் யாரும் கேட்காத கேள்வி. யாராலும் கேட்க முடியாத கேள்வி.

"உனக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா?" என்றார். குரல் ஹூக்ளி நதியின் அடியிலிருந்து வந்தது.

"எழுத்துக்கூட்டித்தான் அங்கிள். பவானிபூர்ல எங்க வீட்டு நாள்காட்டியைக் கிழிக்கிறப்போ அம்மா சொல்லிக்கொடுத்தாங்க. மா... மி... யா... ர். சரிதானே?"

"சரியாத்தான் இருக்கு. அதான் கஷ்டம்."

கார்டன் ரீச்சில் ஆற்றைப் பார்த்தபடி இருந்த 'சௌதுரி அண்டு நெஃப்யூ', கப்பலில் வந்திறங்கும் சரக்கைத் துறைமுகத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கும் கம்பெனி. எந்தப் பெட்டி எந்தக் கப்பலில் வருகிறது, என்றைக்கு எடுக்க வேண்டும், எடுக்கத் தவறினால் துறைமுகம் எவ்வளவு அபராதம் தீட்டும் என்பதெல்லாம் ஒரே ஒரு கம்ப்யூட்டர் ஷீட்டில் இருந்தது. அதற்குப் பெயரே கலியன் ஷீட். அதைப் பெற்றவர், வளர்த்தவர், மூக்குச் சிந்திவிட்டவர் எல்லாம் கலியன்தான்.

தலைப்புகளை அவர் தமிழில் வைத்திருந்தார். ஏறிக்கொண்டே போகும் துறைமுக அபராதத்துக்கு 'மாமியார்'. சுங்கத்துக்கு 'ராகு'. லாரிக்காரருக்கு 'வராதவன்'. கடைசிக் கட்டமான முதலாளியின் ஒப்புதலுக்கு 'மொட்டை'. வங்காளிகள் நிறைந்த ஆபீஸில் இதைவிடப் பெரிய பூட்டு உண்டா? மனிதர் இருமினால் ஆபீஸுக்கு ஜுரம் வரும். ஒருமுறை பல் பிடுங்கிக்கொள்ள அரை நாள் லீவு போட்டார். கிதிர்பூர் வரைக்கும் லாரிகள் நின்றன.

முதலாளி சௌதுரிக்கு எழுபத்தொரு வயது, முழு வழுக்கை. பெயர்ப்பலகையில் இருக்கும் 'நெஃப்யூ' அவர்தான். மாமா போய் முப்பது வருஷமாகியும் மருமகனாகவே நீடித்தார். அந்த மனிதர் போன வாரம்தான் பத்மஜாவை வேலைக்கு வைத்திருந்தார். கலியன் ஷீட்டை எடுத்துவிட்டு, யார் வேண்டுமானாலும் இயக்கக்கூடிய புது ப்ரோக்ராம் ஒன்றை எழுதுவது அவளுடைய வேலை. வியாழக்கிழமை நாலு மணிக்கு எல்லோர் முன்னாலும் அதை ஓட்டிக் காட்ட வேண்டும்.

கீபோர்டைத் துடைக்க வந்த பியூன் நிதாய், குனிந்தபடியே காதோரம் சொன்னான்.

"கலியன் பாபு, உங்க பேருக்கு ஒரு கவர் ரெடியா இருக்கு. பெரியவரோட மேல் டிராயர்ல. அந்த பத்மஜா தீதியோட ப்ரோக்ராம் ஓடின உடனே உங்ககிட்ட கொடுப்பாராம்."

"உள்ளே என்ன?"

"ஒட்டியிருக்கு. ஊதிப் பார்த்தேன், தெரியலை."

தெரிய வேண்டுமா என்ன! ஐம்பத்தாறு வயது. கம்ப்யூட்டர் வந்த வருஷம் டைப்பிஸ்ட் விஸ்வாஸ் பாபுவுக்கும் இப்படித்தான் ஒரு கவர் வந்தது. மறுநாள் விஸ்வாஸ் பாபு இருந்த இடத்தில் தண்ணீர்க் கேன் இருந்தது.

வீட்டில் அதற்கு மேல். லேக் மார்க்கெட் பக்கத்து ஃப்ளாட்டில் விஜயலட்சுமி தோசையைத் திருப்பிக்கொண்டே கேட்டாள்.

"உங்க கம்பெனியோட சென்னைக் கிளைக்கு மாற்றல் கேட்டீங்களே, என்னங்க ஆச்சு?"

"பதினொண்ணாவது மனுவுக்கும் பதில் வந்திருச்சு. 'நிர்வாகக் காரணங்களால் தற்போது இயலாது.'"

"நங்கநல்லூர்ல ஃப்ளாட் வாங்கி ஒன்பது வருஷமாச்சு. புறா குடும்பம் நடத்துது. பேரன் பேத்தியே எடுத்திருச்சு. நாம எப்ப போறது?"

கலியன் தோசையைப் பிய்த்தார். மாற்றல் கிடக்கட்டும், உட்கார நாற்காலியே இருக்குமா என்று பார்க்கும் நேரத்தில் புறாவைப் பற்றி என்ன பேச்சு?

மகள் ஜெயப்ரியா கல்லூரிக்குக் கட்டுரை தட்டிக்கொண்டிருந்தாள். தலைப்பு: கம்ப்யூட்டர் மென்பொருள் தொழிலில் ஏகபோகமும் புதுமையும்.

"என்னம்மா எழுதியிருக்கே?"

"பெரிய கம்பெனி சின்ன கம்பெனியை எப்படியெல்லாம் ஒழிக்கலாம்னு. மூணு வழிப்பா. ஒண்ணு, ஃபைல் வடிவத்தை மாத்திடுறது. அடுத்தவன் சாஃப்ட்வேர்ல அது திறக்கவே திறக்காது. ரெண்டு, எதிராளி விக்கிறதை நம்ம சாமானோட இலவசமா ஒட்டிக் கொடுக்கிறது. மூணு, எதிராளியையே உள்ளே இழுத்துப் போட்டுக்கிறது."

"அநியாயம்!" என்றார் கலியன். வருஷா வருஷம் வாடகையை ஏற்றும் சாஃப்ட்வேர் கம்பெனிகளைத் திட்டுவதில் அவருக்குத் தனி ருசி. "அயோக்கியப் பசங்க. அந்த மூணையும் இன்னொரு தடவை மெதுவா சொல்லு. எழுதிக்கிறேன்."

"எதுக்குப்பா?"

"திட்டுறதுக்கு."

செவ்வாய்க்கிழமை காலை முதல் வழியைக் கையாண்டார். தன் மெஷினில் மட்டும் ஷீட் சாஃப்ட்வேரின் புதிய பதிப்பை ஏற்றி, ஷீட்டை அதன் வடிவத்தில் சேமித்தார். பத்மஜாவின் ப்ரோக்ராம் அதைத் தொட்டது. 'திறக்க இயலவில்லை' என்று விழுந்தது. கலியன் மேஜைக்கு அடியில் காலாட்டினார்.

ஆட்டிய கால் நிற்பதற்குள் போன் அடித்தது. இன்னொன்று அடித்தது. ஆபீஸின் பதினான்கு மெஷின்களில் பதின்மூன்று பழைய பதிப்பு. ஒன்றிலும் ஷீட் திறக்கவில்லை. பதின்மூன்று பேரும் அவர் மேஜையைச் சுற்றி நின்றார்கள், துர்கா பூஜையில் மகாஷ்டமி அன்று பந்தலில் நிற்பது மாதிரி.

"கலியன்-தா! பர்மாவிலேருந்து இலிஷ் மீன் கண்டெய்னர் வருது!" என்று, வங்காள முறைப்படி அவரை அண்ணனாக்கி, அலறினார் கூட்டத்தில் முன்னால் நின்ற ஷிப்நாத். "பூஜைக்கு ரெண்டே வாரம். அதை என்னிக்கு எடுக்கணும்? தேதி தெரியாம விட்டா மீன் போச்சு!"

கொல்கத்தாவில் கப்பல் முழுகினால் மன்னிப்பார்கள். இலிஷ் முழுகினால் மன்னிக்க மாட்டார்கள். மீன் வாசனைக்கே மூக்கைப் பொத்தும் கலியன், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஷீட்டைப் பழைய வடிவத்துக்கே மாற்றினார்.

"எடுக்கிற தேதி அக்டோபர் அஞ்சு. போங்க!"

பத்மஜாவின் ப்ரோக்ராம் உடனே அதைத் திறந்துகொண்டது. "தேங்க்ஸ் அங்கிள்! புது வடிவத்தையும் படிக்கிற மாதிரி எழுதணும்னு நீங்க இல்லேன்னா எனக்குத் தோணியே இருக்காது. ரெண்டையும் படிக்க வச்சிட்டேன்."

மத்தியானம் இரண்டாவது வழி. ஷீட்டோடு ஓர் இலவசத்தை ஒட்டினார்: பூஜை லீவுக் கணக்கு. பெயரைத் தட்டினால் எத்தனை நாள் லீவு பாக்கி என்று சொல்லும். ஆபீஸே புல்லரித்தது. "புது ப்ரோக்ராம் எதுக்கு? கலியன்-தா இருக்காரே!" என்று ஷிப்நாத் அவரைக் கட்டிக்கொண்டார்.

புதன் காலை ஷிப்நாத்துக்கு நானூற்றுப் பன்னிரண்டு நாள் லீவு பாக்கி இருந்தது.

அவசரத்தில் கலியன் லீவுக் கட்டத்தை 'மாமியார்' கட்டத்தோடு கோர்த்திருந்தார். அபராதம் ஏற ஏற லீவும் ஏறியது. ஷிப்நாத் குடும்பத்தோடு டார்ஜிலிங் போக டிக்கெட் போட்டுவிட்டு, பாக்கி லீவில் காஷ்மீரையும் விசாரித்துக்கொண்டிருந்தார். மற்ற பன்னிரண்டு பேரும் ஆளுக்கொரு மலையைக் குறி வைத்திருந்தார்கள்.

சௌதுரி கண்ணாடிக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "கலியன் பாபு, என் ஆபீஸ்ல அடுத்த வருஷம் யாராவது வேலைக்கு வர்றதா உத்தேசம் இருக்கா?"

கதவு மெல்ல மூடிக்கொண்டது. அந்த இடைவெளியில் மேல் டிராயர் தெரிந்தது.

மூன்றாவது வழிதான் பாக்கி. எதிராளியை உள்ளே இழுத்துப் போடுவது. கேண்டீனில் பத்மஜாவுக்கு லுச்சிப் பூரி வாங்கிக் கொடுத்தார்.

"ஏம்மா, தனியா எதுக்குக் கஷ்டப்படுறே? என்கிட்ட அசிஸ்டென்ட்டா இருந்துடேன். ஷீட்டை முழுக்கத் திறந்து விடுறேன். ரெண்டு பேரும் சேர்ந்தே பார்த்துக்கலாம். உன் ப்ரோக்ராமை அப்புறமா, நிதானமா, ரெண்டு மூணு வருஷம் கழிச்சு..."

"நிஜமாவா அங்கிள்?" அவள் கண்ணில் நீரே வந்துவிட்டது. "எல்லாரும் நீங்க ஷீட்டைத் தொட விடமாட்டீங்கன்னு பயமுறுத்தினாங்க. நீங்க சென்னைக்காரங்க மாதிரியே இல்ல. எனக்கு அந்த ஊர்னாலே பயம். யாரையும் தெரியாது, வெயிலும் தாங்காது. கொல்கத்தாதான் எனக்கு உயிர்."

அன்று மாலைக்குள் ஷீட்டின் ஒவ்வொரு நரம்பும் அவள் ப்ரோக்ராமுக்குள் போய்விட்டது. அது ஓடியது. தடுக்காமல், திக்காமல், வழுக்கிக்கொண்டு ஓடியது.

"எல்லாருக்கும் புரியணும்னு தலைப்பையெல்லாம் வங்காளத்துல மாத்திட்டேன் அங்கிள். தெரியாத வார்த்தையை அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். 'மாமியார்' ஆச்சு, 'ராகு' ஆச்சு. கடைசிக் கட்டத்துல 'மொட்டை'ன்னு இருந்ததே, அதுக்குத்தான் அம்மா ரொம்ப நேரம் சிரிச்சாங்க. அதையும் அப்படியே போட்டுட்டேன். அந்தக் கட்டத்துக்கு மட்டும் என்ன அர்த்தம்?"

கலியன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். நாளைக்கு நாலு மணிக்கு, சுவர் அளவு திரையில், சௌதுரி அண்டு நெஃப்யூவின் நெஃப்யூ, தன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தன் தலையைப் படிப்பார்.

"அதை மட்டும் அழிச்சிடும்மா."

"முடியாது அங்கிள். அதுலதானே மொத்தமும் முடியுது? இப்பக் கை வச்சா எல்லாம் கலைஞ்சிடும்."

வீட்டுக்குப் போனதும் மகளைக் கேட்டார். "நாலாவது வழி ஏதாவது இருக்கா?"

"இல்லப்பா. கடைசிப் பக்கம்தான் பாக்கி. எல்லாரையும் ஒழிச்ச பிறகு ஏகபோகக்காரனுக்கு என்ன ஆகுதுன்னு எழுதணும்."

"அவனுக்கு என்ன ஆகும்? ஜம்முனு இருப்பான்," என்றார் கலியன்.

வியாழன், மூன்று ஐம்பது. மீட்டிங் அறையில் நாற்காலி இழுபடும் சத்தம். சௌதுரி கையில் அந்தக் கவர். கலியன் தன் மெஷின் முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தார். பத்மஜாவின் ப்ரோக்ராம் தேதிகளைப் படித்துக்கொள்ளும் பிரதியைத் திறந்தார். மாசத்தையும் நாளையும் இடம் மாற்றினார். ஐந்து-பத்து, பத்து-ஐந்து ஆனது. மூடினார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

திரையில் கட்டங்கள் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாய் விரிந்தன. முதலில் சரக்கு. அப்புறம் கப்பல்.

"இப்ப இலிஷ் கண்டெய்னரைக் கேக்கலாம்," என்றாள் பத்மஜா.

மாமியார் வந்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ராகு வந்தது. வராதவன் வந்தான். கலியனின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இன்னும் இரண்டே கட்டம். தேதி, அப்புறம் தலை.

தேதி வந்தது. எடுக்க வேண்டிய நாள்: மே பத்து.

எல்லாத் தலைகளும் திரையை நோக்கி நீண்டன.

"மே பத்தா?" ஷிப்நாத் எழுந்தே விட்டார். "அப்படின்னா அந்த மீன் அஞ்சு மாசமா துறைமுகத்துல கிடக்குதா?"

"ஐயோ, இல்ல..." பத்மஜா விரல்களால் தட்டினாள், திரும்பத் தட்டினாள். மறுபடியும் மே பத்து. "நேத்து சரியா வந்துச்சு ஸார், சத்தியமா!"

"நிறுத்து!" சௌதுரி கையை உயர்த்தினார். திரை இருண்டது. தலை வெளிவரவில்லை. "கலியன் பாபு, நீங்க சொல்லுங்க."

கலியன் எழுந்தார். வியர்வை எங்கே போனதோ தெரியவில்லை. தன் ஷீட்டைப் பார்க்கக்கூட இல்லை. கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்.

"அக்டோபர் அஞ்சு, காலையில. அஞ்சாம் நம்பர் கேட்டு. லாரி சொல்லியாச்சு. மீன் பத்திரமா இருக்கு."

கைதட்டல் ஆற்றின் அக்கரையில் கேட்டிருக்கும். ஷிப்நாத் அவரைத் தூக்கவே முயன்று, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சௌதுரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கலியனைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கையிலிருந்த கவரை நாலாகக் கிழித்து மேஜைமேல் போட்டார்.

கலியன் அந்த நாலு துண்டுகளையும் பார்த்தார். பத்தொன்பது வருஷத்தில் இவ்வளவு அழகான கிழிசலை அவர் பார்த்ததில்லை.

"நிதாய்! எல்லாருக்கும் சிங்காடா! என் கணக்குல!" என்று கூவினார் கலியன்.

மூலையில் பத்மஜா மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் ஒரு சமோசா கொடுக்கச் சொன்னார். ஜெயித்தவனுக்குக் கொஞ்சம் பெருந்தன்மை வேண்டாமா?

வீட்டுக்குப் போன் போட்டார். "விஜி, தப்பிச்சிட்டேன்! என்னை இங்கேருந்து எவனாலும் அசைக்க முடியாது!"

"சந்தோஷம்ங்க," என்றாள் விஜயலட்சுமி. "புறாகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

நிதாய் சிங்காடா கொண்டுவந்து வைத்தான். தட்டு பற்றாததால் கலியனுடையது மட்டும் ஒரு காகிதத் துண்டின்மேல் இருந்தது. எண்ணெய் ஊறிய காகிதத்தில் எழுத்துகள் ஒவ்வொன்றாய்த் தெளிந்தன: '...சென்னைக் கிளையின் மேலாளராக, குடியிருப்புப் படியுடன், உடனடியாக...'

சிங்காடா தொண்டையில் நின்றது.

"நிதாய்... இது என்ன காகிதம்?"

"அந்தக் கவர்ல இருந்ததுதான் பாபு," என்றான் நிதாய், தண்ணீரை நீட்டியபடி. "கலியன் பாபு இல்லாம ஆபீஸ் ஓடாதுன்னு நீங்களே நிரூபிச்சிட்டீங்களாம், அதனால அதே ஆர்டரை, அவங்க இல்லாட்டியும் இங்க ஓடும்னு சொல்லி, பெரியவர் பத்மஜா தீதி பேருக்கு அடிக்கச் சொல்லிட்டாரு."