அன்புச்செல்வி டீச்சரின் கவுன்சிலிங்

அன்புச்செல்வி அழுது மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த நேரம் பார்த்து சயின்ஸ் லேப் கதவு திறந்தது.

"சாரி மேடம். பந்துக்குக் காத்தடிக்கிற பம்பு இங்க இருக்குதான்னு பாக்க வந்தேன்" என்றார் பி.டி. மாஸ்டர் ராஜமாணிக்கம். அவர் பார்வை, அமிலக் குப்பி மேல் சாய்த்து வைத்திருந்த செல்போனுக்குப் போனது. "யாரு மேடம் லைன்ல?"

சித்திரையில் அம்மா இறந்ததிலிருந்து அன்புச்செல்விக்குச் சரியான தூக்கமில்லை. பஸ் ஏறினால் நெஞ்சு படபடத்தது. வீட்டில் மனம்விட்டுப் பேச வழியில்லை. மாமியாருக்குக் காது கூர்மை. அதனால் வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில், கீழ்பென்னாத்தூர் பள்ளியின் லேபில், மூலையில் தொங்கும் எலும்புக்கூட்டை மட்டும் சாட்சியாக வைத்துக்கொண்டு, அக்ஷயா என்ற மனநல ஆலோசகரிடம் ஆன்லைனில் பேசிவந்தாள்.

யாருக்கும் தெரியாது. தெரிந்தால், 'சயின்ஸ் டீச்சருக்கு மெண்டலாம்' என்ற சேதி திருவண்ணாமலை பஸ்ஸில் அவளுக்கு முன்னால் ஏறி ஜன்னல் சீட் பிடித்துவிடும்.

"கவுன்சிலிங் சார்." வாய் தவறி வந்துவிட்டது.

"ஓ... கவுன்சிலிங்கா!" ராஜமாணிக்கம் பம்பை எடுக்காமலே போய்விட்டார்.

அரசுப் பள்ளி வாத்தியார்கள் மத்தியில் அந்தச் சொல்லுக்கு முதல் அர்த்தம், ட்ரான்ஸ்பருக்கு ஊர் தேர்ந்தெடுப்பது.

கடைசி பீரியடில் தமிழ் டீச்சர் திரௌபதி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏன்டி அன்பு, ஒரு வார்த்த சொல்லாம கவுன்சிலிங்ல கலந்துக்கினியா? எந்த ஊரு கேட்டிருக்க?"

அன்புச்செல்விக்குப் போன உயிர் திரும்பியது. உண்மையைவிட இது எவ்வளவோ தேவலை.

"இன்னும் முடிவாகலக்கா."

"எத்தினியாவது ரவுண்டு?"

"மூணாவது." அதுவாவது உண்மை; அக்ஷயாவோடு மூன்று வெள்ளி பேசியாகிவிட்டது.

"என்ன சொல்றாங்க?"

"கொஞ்சம் கொஞ்சமாத்தான் சரியாகும்னாங்க."

"கவர்மெண்டுல எல்லாமே அப்படித்தான்டி" என்று திரௌபதி ஆறுதலாகத் தோளைத் தட்டினாள்.

திங்கட்கிழமை ஹெட்மாஸ்டர் சுப்பிரமணி கூப்பிட்டார். "போகப் போறவங்களுக்கு எதுக்கும்மா பத்தாங்கிளாஸு? பி செக்‌ஷன புகழேந்தி சார் பாத்துக்கட்டும்."

அன்புச்செல்விக்குத் திக்கென்றது. பத்து பி வகுப்பில் நிற்கும்போது மட்டும்தான் அவளுடைய நெஞ்சு ஒழுங்காக அடித்தது. அந்தப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளில் படபடக்க நேரம் இருக்காது.

"சார், நான் எங்கயும் போகல."

"அப்ப கேன்சல் பண்ணிட்டியா?"

"இல்ல சார்... இது வேற கவுன்சிலிங்."

"அடடே! ப்ரமோஷன் கவுன்சிலிங்கா!" அவர் எழுந்து கையைக் குலுக்கினார். "சொல்லவே இல்லையே!"

சாயங்காலத்துக்குள் ஸ்டாஃப் ரூமில் அவள் 'வருங்கால எச்.எம்.' ஆகிவிட்டாள். ட்ரீட் கேட்டார்கள். மறுக்கத் தெரியாமல் எல்லாருக்கும் போண்டா வாங்கிக் கொடுத்தாள். வாங்கிக் கொடுத்ததால் சேதி உறுதியாகிவிட்டது. புகழேந்தி சார் போண்டாவைக் கடித்துக்கொண்டே, "பத்து பி-க்கு எந்தப் பாடம் வரைக்கும் முடிச்சிருக்கீங்க மேடம்?" என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை அக்ஷயாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அக்ஷயா சிரிப்பை அடக்கியது திரையில் தெரிந்தது.

"உங்க துக்கத்த யாராவது ஒருத்தர்கிட்ட சொல்லிப் பாருங்கன்னு போன வாரமே கேட்டேனே?"

"முடியல மேடம். வாயத் தெறந்தா வேற என்னவோ வருது."

"ஒரே ஒருத்தர் போதும்."

அடுத்த வாரம் திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத்துக்குக் கொடியேறியிருந்தது. பஸ்ஸெல்லாம் வெளியூர்க் கூட்டம். நின்றுகொண்டே வந்து சேர்ந்தவளை ஸ்டாஃப் ரூம் வாசலிலேயே திரௌபதி பிடித்துக்கொண்டாள். உள்ளே கலர் பேப்பர் தோரணம். மேஜையில் மிக்சர், லட்டு. கரும்பலகையில் கொட்டை எழுத்தில் 'பிரியாவிடை.' மறுப்பதற்குள் தோளில் பொன்னாடை விழுந்தது.

"ரெண்டு வார்த்த பேசும்மா" என்றார் ஹெட்மாஸ்டர்.

நன்றி சொல்லி உட்கார்ந்துவிடலாம் என்றுதான் எழுந்தாள். எதிரே புகழேந்தி சார் கையில் பத்து பி-யின் பரீட்சைத் தாள் கட்டு இருந்தது.

"நான் எங்கயும் போகல. போனது எங்கம்மா" என்றாள்.

ஹெட்மாஸ்டர் மிக்சர் தட்டைக் கீழே வைத்தார்.

"அதுலருந்து தூக்கம் வரல. படபடன்னு வருது. மனசு சரியில்லன்னு ஒருத்தங்ககிட்ட பேசினு இருக்கேன். அதுதான் கவுன்சிலிங். வேற ஒண்ணும் இல்ல. பத்து பி-ய மட்டும் எடுத்துடாதீங்க சார்."

சொல்லி முடித்துவிட்டுப் பொன்னாடையிலேயே முகத்தைப் புதைத்து அழுதாள். ஒருத்தரிடம் சொல்ல முடியாததை ஒரு ஸ்டாஃப் ரூமிடமே சொல்லியாகிவிட்டது. திரௌபதி அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். புகழேந்தி சார் ஓசைப்படாமல் தாள் கட்டை அவள் பக்கம் நகர்த்தினார். மெண்டல் என்று யாரும் சொல்லவில்லை.

ராஜமாணிக்கம் லட்டை எடுத்துக்கொண்டு பெருமூச்சு விட்டார்.

"அப்பாடா! எல்லா கவுன்சிலிங்கும் ஸ்கூல் தொறந்த புதுசுலயே முடிஞ்சிபோச்சே மேடம், அதுகூட தெரியாத வாத்தியாருங்களா நாங்க? அன்னிக்கி லேப்ல நீங்க அழுததுலருந்து எப்ப வாயத் தெறப்பீங்கன்னு பாத்துனே இருந்தோம், கடைசில பொன்னாடையே வாங்க வெச்சிட்டீங்க!"