ஸ்டார்ட்டிங் அண்ணனின் யானை

என் கையெழுத்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், ஒற்றெழுத்து வர வேண்டிய இடத்தில் வராது. அச்சுக்கு அனுப்புகிறவர்கள் பொறுத்துத் திருத்திக்கொள்ள வேண்டும். ஒன்றை மட்டும் திருத்த வேண்டாம்: அரியலூர், பெரம்பலூர் இரண்டு மாவட்டத்திலும் ஸ்டார்ட்டிங் அண்ணனைப் போல ஓர் அவசரக்காரர் பிறந்ததில்லை. பிறந்ததே எட்டாம் மாதத்தில்தான் என்று அவரே பெருமையாகச் சொல்வார்.

அவர் சிமெண்ட் லாரி ஓட்டுகிறார். நான் லோடு ஏறிய லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டுகிறவன். ஆலை வாசலில் லாரிகள் கண்ணுக்கு எட்டிய தூரம் வரிசையில் நிற்கும். முதல் லாரிக்காரர் கொட்டாவி விட்டாலே போதும், கடைசியில் நிற்கும் அண்ணன் இன்ஜினை ஸ்டார்ட் செய்துவிடுவார். அப்படி வந்த பெயர். கல்யாணம் என்றால் பந்தல்காரருக்கு முன்னால் போய் நிற்பார். ஒரு முறை துக்கத்துக்கும் அப்படிப் போய்விட்டார். மாலையும் கையுமாக நின்றவரைப் பார்த்து, படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்து, "யாருப்பா நீ?" என்று கேட்டாராம். அங்கேயே காபி குடித்துவிட்டு வந்தார்.

வரிசையில் காத்திருக்கும் நேரத்தில் நாங்கள் செஸ் ஆடுவோம். பலகை, என் மகள் பள்ளிக்கூடத்தில் பரிசாக வாங்கியது. காய்களில் ஒரு யானை தொலைந்துபோக, அண்ணன் அதற்குப் பதிலாகத் தன் லாரியின் பழைய வீல் நட்டை வைத்துவிட்டார். யானை மூலையில் நிற்கும், நேர்க்கோட்டில் மட்டும் போகும். அது மூலையில் நிற்பது அண்ணனுக்குப் பொறுக்காது. ஓரத்துச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவார். அடுத்த முறையே நட்டு வெளியே வந்துவிடும்.

"அவ்ளோ பெரிய உருப்படிய மூலைல கட்டிப் போட்டுட்டு, குதிரய வேலைக்கி அனுப்பச் சொல்றியா தம்பி?" என்பார்.

என் மந்திரி குறுக்கே வந்து நட்டைத் தூக்கிவிடும். டீ ஆறுவதற்குள் இரண்டு யானையும் போய்விடும். அப்படியும் நான் ஜெயிக்க மாட்டேன். யானையைத் தொடவே எனக்குத் தயக்கம். என் ராஜா சாகிறவரை இரண்டும் மூலையிலேயே நிற்கும்.

"ஒன் யானை ஒன்ன மாதிரியே இருக்கு. விருந்தாளி வந்தா அடுப்படிக்குள்ள போய் நின்னுக்குது."

ஒரு நாள் எனக்குச் சோறு கொண்டுவந்த மகள் இருவரையும் திட்டினாள். "பெரியப்பா, மொதல்ல குதிரை, மந்திரி எல்லாம் கெளம்பணும். ராஜாவப் பத்திரமா வைக்கணும். முன்னாடி நிக்கிற சிப்பாய் போயி வழி தொறந்தாதான் யானைக்கி வேலை. அப்பா, வழி தொறந்த பொறவும் நீ கொண்டு வராம இருக்கக் கூடாது."

இருவரும் தலையாட்டினோம். இருவரும் பழையபடியே ஆடினோம்.

அந்த மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தபோது பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையனை அவளுக்கும் பிடித்திருந்தது. ஆனால் படிப்பு இன்னும் ஒரு வருஷம் பாக்கி. அவர்களோ வைகாசியிலேயே கல்யாணம் என்றார்கள். தட்டு மாற்றிவிட்டால் பேச்சு முடிந்த மாதிரி. பிறகு மாற்றிப் பேச முடியாது. தட்டு மாற்ற அவர்கள் வரும் நாள் காலையில் மகள் என்னிடம் வந்தாள்.

"தட்டு மாத்துறதுக்கு முன்னாடி சொல்லிடுப்பா. படிச்சு முடிச்சுட்டுக் கட்டிக்கிறேன்னு."

நான் தட்டில் இருந்த வெற்றிலையைத் திரும்ப அடுக்க ஆரம்பித்தேன். விடிவதற்குள் வந்துவிட்டிருந்த அண்ணன் எழுந்தார். "நான் சொல்றேன் பாப்பா. கார்லேருந்து எறங்குறப்பவே சொல்லிடறேன்."

"நீங்க வாயே தொறக்கக் கூடாது பெரியப்பா. அப்பாதான் சொல்லணும்."

வந்தவர்களில் மாப்பிள்ளையின் தாய்மாமன்தான் பேசினார். அவர் மூச்சு வாங்கும் இடத்தில் தரகர் பேசினார். மண்டபம், சமையல்காரர், பஸ் எல்லாம் முடிவாகிக்கொண்டிருந்தது. மகள் கதவோரம் நின்று என்னையே பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அண்ணன் இரண்டு உள்ளங்கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். நெற்றியில் வேர்வை. வாழ்நாளில் அவர் அவ்வளவு நேரம் சும்மா இருந்ததில்லை.

தரகர் தட்டைப் பக்கத்தில் இழுத்தார். அண்ணன் எழுந்தார். போச்சு என்று நினைத்தேன்.

"தரகரே, கலர் பத்தாது போலருக்கு. ஒங்க வண்டில போயி நாலு பாட்டில் வாங்கிட்டு வந்துடுங்க." தரகர் போனார். "மாமா, நீங்க மக்காச்சோளக்காரரு. முந்திரிப் பழம் மரத்துல தொங்கிப் பாத்துருக்கீங்களா? பின்னாடிதான் முந்திரிக் கொல்ல, வாங்க." தாய்மாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். அவரைக் கூட்டிக்கொண்டு போகும்போது அண்ணன் என் கையில் எதையோ வைத்து அழுத்தினார்.

வீல் நட்டு.

எதிரே மாப்பிள்ளையும் அவன் அம்மாவும் மட்டும் இருந்தார்கள். நட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "பாப்பா படிப்ப முடிக்கட்டும்ங்க. ஒரு வருஷம்" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அந்த அம்மா மகனைப் பார்த்தார். அவன் தலையாட்டினான். "இதச் சொல்லவா இப்படி வேர்க்குது ஒங்களுக்கு? முடிக்கட்டும்ங்க. முட்டி வலிக்கு வூட்டுலயே ஒரு நர்சு இருந்தா எனக்குத்தான நல்லது."

சட்டையெல்லாம் முந்திரிக் கறையோடு திரும்பிய தாய்மாமன், "நான் இல்லாதப்ப என்ன பேசுனீங்க?" என்று குரலை உயர்த்தினார். அண்ணன் அவர் தோளைத் தொட்டு, "மாமா, அந்தாண்ட இன்னொரு கொல்ல இருக்கு, வாங்க" என்றார்.

மகள் படித்து முடித்துக் கல்யாணமாகி, இப்போது பெரம்பலூரில் நர்ஸ் வேலை பார்க்கிறாள். கல்யாணத்துக்கு முதல் நாளே மண்டபத்தைக் கூட்டி வைத்தது யார் என்று சொல்லத் தேவையில்லை.

இன்று நாலு மணிக்கு வருகிறேன் என்றவர் இரண்டு மணிக்கே வந்து, நான் எழுதும்போதே எதிரில் பலகையை விரித்து ஆட்டத்தையும் தொடங்கிவிட்டார். நட்டு வெளியே வந்து, என் மந்திரி தூக்கிவிடக்கூடிய இடத்தில் நிற்கிறது. கொஞ்ச காலமாக நான் அதைப் பார்க்காத மாதிரி விட்டுவிடுகிறேன். பக்கத்துச் சிப்பாயை நகர்த்துகிறேன்.

மாசி மாதம், கடைசி ஞாயிற்றுக்கிழமை.