பொறு ரீச்சரும் ரீவி அக்காவும்

ரீவி பார்த்துக் கெட்டுப்போனவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். ரீவியையே கண்டித்து, அதட்டி, வழிக்குக் கொண்டுவந்த மனுஷி இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் திருகோணமலையில் இருக்கிறார். சும்மா அளக்கவில்லை. எங்கள் துறைமுகத்துக்கு வரும் எந்த நாட்டுக் கப்பல்காரனையும் கேட்டுப் பாருங்கள், தன் ஊரில் அப்படி ஒருத்தி இல்லை என்றுதான் சொல்வான்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். அவர் நடத்தும் முன்பள்ளியின் பெயர்ப்பலகையில் அது இருக்கிறதாம். ஆனால் அந்தப் பெயரைச் சொன்னால் எங்கள் ஒழுங்கை வாசலில் நிற்கும் முச்சக்கரவண்டிக்காரர் தலையைச் சொறிவார். "பொறு ரீச்சர்" என்று சொல்லிப் பாருங்கள், முன்பள்ளிப் படலையிலேயே கொண்டுபோய் இறக்கிவிடுவார்.

பொறு ரீச்சரைத் தூரத்திலேயே அடையாளம் காணலாம். கழுத்தில் நீல ரிபன், ரிபனில் ஒரு ரீவி ரிமோட், ரிமோட்டுக்குப் பொலித்தீன் சட்டை. கோயிலுக்குப் போகும்போது மட்டும் அதைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொள்வார். ஒருமுறை கலியாண வீடொன்றில் கலியாண வீடியோ போட்டுக் காட்டினார்கள். சரியாகத் தாலி கட்டும் இடத்தில் படம் நின்றுவிட்டது. எல்லோரும் கரண்ட் போய்விட்டது என்று நினைத்தார்கள். பின்வரிசையில் ரீச்சர் ரிமோட்டுடன் எழுந்து நின்றார். "கொஞ்சம் பொறுங்கோ, மாப்பிள்ளையின்ர முகத்தைப் பாருங்கோ. பிள்ளை இன்னும் யோசிக்குது." மாப்பிள்ளை வீட்டார் இன்றுவரை அவருடன் கதைப்பதில்லை.

இந்தப் "பொறு" எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். முன்பள்ளியில் சிறுவர்களுக்கான கல்வி நிகழ்ச்சி ஒன்றைப் போட்டுக் காட்டுவார். அதில் மஞ்சள் சட்டை போட்ட ஒரு அக்கா வருவா. "குழந்தைகளே, இது என்ன நிறம்?" என்று கேட்பா. தலையைச் சாய்த்துச் சிரித்துக்கொண்டு ஒரு கணம் நிற்பா. உடனே "மிகச் சரி! நீங்கள் கெட்டிக்காரர்கள்!" என்று கை தட்டுவா. இந்தப் பக்கத்தில் பிள்ளை பச்சை என்றதா, சிவப்பு என்றதா, மூக்கைத் துடைத்ததா என்பதெல்லாம் அவவுக்குத் தெரியாது. எல்லாரும் கெட்டிக்காரர்தான்.

உலகத்தில் வேறு யாருக்கும் இது ஒரு குற்றமாகத் தெரியவில்லை. பொறு ரீச்சருக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"பிள்ளை என்ன சொன்னது எண்டு கேக்காமல் எப்பிடிச் சரி எண்டு சொல்லுவா? என்ர வகுப்பில ஒரு ரீச்சர் இப்பிடிச் செய்தால் அண்டைக்கே வீட்டுக்கு அனுப்பிப்போடுவன்."

ரீவி அக்காவை வீட்டுக்கு அனுப்ப முடியாது. ஆகவே ரீச்சர் அவவைத் தன் உதவி ஆசிரியையாக நியமித்து, பயிற்சி கொடுக்கத் தொடங்கினார். அக்கா கேள்வி கேட்டு முடிப்பா. "பொறும் பிள்ளை!" என்று ரீச்சர் ரிமோட்டை அமுக்குவார். வாயைப் பாதி திறந்தபடி அக்கா திரையில் உறைந்துபோவா. பிறகு ஒவ்வொரு பிள்ளையாகப் பதில் சொல்ல வேண்டும். எல்லோரும் சொல்லி முடிந்த பின்தான் அக்காவுக்கு வாயை மூட அனுமதி. பத்து நிமிட நிகழ்ச்சி காலையில் தொடங்கினால் பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் நேரம்வரை ஓடும்.

அதிலும் அக்கா "நான்கு கால் மிருகம் ஒன்று சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டால் தொலைந்தது. அக்காவை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டு, வகுப்பு முழுவதும் கையைக் கோத்துக்கொண்டு வீதிக்கு இறங்கும். எங்கள் ஊரில் மான்கள் சந்தைக்கு வந்த சனம்போல நடு ரோட்டில் உலாத்துவது தெரிந்ததுதானே. ஒருநாள் பிள்ளைகள் ஒரு மானைச் சுற்றி நின்று கால்களை எண்ண, மான் ஒரு பிள்ளையின் தொப்பியைச் சாப்பிட, நிலாவெளி பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு பின்னால் நின்றது. ரீச்சர் சாரதிக்கு உள்ளங்கையைக் காட்டினார்.

"பொறும் தம்பி. கடைசிக் கால் இன்னும் எண்ணேல்ல."

சாரதி பொறுத்தார். அந்தக் கையைப் பார்த்தால் கப்பலே நின்றுவிடும். நான் கப்பல் தெரிந்தவன். பெரிய கப்பல்களைக் கயிறு போட்டு இழுத்துக் கரைசேர்க்கும் டக் படகில்தான் எனக்கு வேலை.

இந்த மனுஷியின் கையில் என் மகள் போய்ச் சேர்ந்த கதை இனித்தான்.

மயூரிக்கு மூன்று வயது தாண்டியும் பேச்சு வரவில்லை. அவளிடம் இருந்தவை அம்மா, வேண்டாம், சப்ஸ்கிரைப். கடைசிச் சொல் போனில் வரும் சிறுவர் வீடியோக்கள் கொடுத்த சீதனம். காலையில் என் படகு புறப்படும்போது மனைவி சுகந்தி அவளைத் தூக்கிக்கொண்டு துறைமுக மதிலடியில் நிற்பாள். "அங்கை பார், அப்பா போறார். சொல்லு, அப்பா போறார்." மயூரி கடலைப் பார்ப்பாள், என்னையும் பார்ப்பாள், வாயைத் திறக்கமாட்டாள். காது நன்றாகக் கேட்கிறது என்றார் டொக்டர். கண்ட வீடியோக்களையும் நிறுத்துங்கள், பிள்ளையோடு கதையுங்கள், முன்பள்ளிக்கு அனுப்புங்கள் என்றார். அனுப்பினோம். முதல் கிழமையே தெரிந்தது, அங்கே நடுச்சுவரில் ஒரு ரீவி!

வேலை உடுப்போடேயே சண்டைக்குப் போனேன்.

"ரீச்சர், டொக்டர் வீடியோ காட்டவேண்டாம் எண்டு சொன்னவர். நீங்கள் ரீவி போட்டுக் காட்டுறியளாம்!"

"ஆர் காட்டினது?" என்றார் ரீச்சர். "உங்கட வீட்டில அது கதைக்கும், பிள்ளை கேக்கும். இஞ்சை பிள்ளை கதைக்கும், அது கேக்கும். அதுக்குத்தான் நான் அதைப் பழக்கி வைச்சிருக்கிறன்."

"என்ர பிள்ளை கதைக்காதே, ரீச்சர்."

"அப்ப பொறுப்பம். நானும் பொறுப்பன், அவாவும் பொறுப்பா." ரீச்சர் சுவரைக் காட்டினார். திரையில் மஞ்சள் சட்டை அக்கா வாயைப் பாதி திறந்தபடி நின்றா. "திருகோணமலையில என்னை மாதிரிப் பொறுக்க ஏலுமான ஒரு ரீச்சரைக் காட்டுங்கோ, நானே உங்கட பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறன்."

அடக்கம் என்பது அவர் பக்கம் தலை காட்டியதேயில்லை.

பெற்றோருக்கும் வீட்டுப்பாடம் உண்டு. அந்த நிகழ்ச்சியைப் போனில் போட்டுவிட்டுக் குசினிக்குள் ஓடக்கூடாது. பக்கத்தில் இருக்க வேண்டும், கேள்வி வந்ததும் நிறுத்த வேண்டும், பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும், முக்கியமாக வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். நாங்களும் காத்திருந்தோம். ஒரு பின்னேரம் "பூனை எங்கே?" என்ற கேள்வியில் நாங்கள் காத்திருக்க, குசினியில் பால் பொங்கி வழிய, பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "மூண்டு பேரும் ஏன் போட்டோவுக்கு இருக்கிற மாதிரி இருக்கிறியள்?" என்று கேட்டா. ஆனால் மயூரியின் உதடுகள் மெல்ல அசையத் தொடங்கியிருந்தன. சத்தம் மட்டும் வரவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் ஹார்ட்வெயர் அண்ணைக்குக் கோபம் வந்தது. இரும்புக் கடை வைத்திருப்பவர். அவருடைய மகனும் மயூரியின் வகுப்பு. "மற்ற முன்பள்ளிப் பிள்ளையள் கொப்பி கொப்பியா ஏபிசிடி எழுதுதுகள். என்ர மகன் மானுக்குக் கால் எண்ணுறான். ரீவி பாக்க எங்கட வீட்டில ரீவி இல்லையோ?" என்று கல்வி அலுவலகத்தில் முறையிட்டுவிட்டார். ரீவியைக் கழற்றுவதா இல்லையா என்று பார்த்துச் சொல்ல ஒரு அதிகாரி வருவதாகச் செய்தி வந்தது. "ரீவி போனால் நானும் போவன்" என்றார் ரீச்சர். அவர் சொன்னால் செய்வார். சுகந்தி அன்று சாப்பிடவில்லை. இப்போதுதான் அசையத் தொடங்கிய உதடு. பொறுத்திருக்க ஆளில்லாமல் போனால் அப்படியே நின்றுவிடும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் பயம்.

அதிகாரி வந்த நாளில் ரீச்சர் பட்டுச் சேலை கட்டியிருந்தார். ரீவிக்கும் சந்தனப் பொட்டு. "இண்டைக்குப் பெரியாக்கள் வருவினம். அவசரப்பட்டு மானத்தை வாங்கிப்போடாதையும்" என்று ரீவி அக்காவுக்கு அவர் புத்தி சொன்னதை நான் என் காதால் கேட்டேன். பெற்றோர் எல்லோரும் யன்னலுக்கு வெளியே நின்றோம். உள்ளே பிள்ளைகளின் குட்டிக் கதிரைகள்தான் இருந்தன என்பதால் அதிகாரி நின்றபடியே இருந்தார். அவருக்குப் பக்கத்தில் ஹார்ட்வெயர் அண்ணை.

அன்றைய பாடம் கடல். நீலக் கடலில் ஒரு பெரிய கப்பல் போனது. "குழந்தைகளே, கடலில் யார் போகிறார்கள், என்ன போகிறது, சொல்லுங்கள் பார்க்கலாம்!" என்று அக்கா கேட்டா.

"பொறும் பிள்ளை!" அக்கா உறைந்தா. ரீச்சர் வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்தார். கெட்டிக்காரப் பிள்ளைகள் அத்தனை பேரும் கையை உயர்த்தியிருந்தார்கள். "இண்டைக்கு மயூரி முதல்ல சொல்லுவா."

இந்த மனுஷிக்கு இன்றைக்கா இந்த விளையாட்டு? சுகந்தி என் கையை நகம் பதியப் பிடித்தாள்.

மயூரி திரையைப் பார்த்தாள். எல்லோரும் மயூரியைப் பார்த்தார்கள். பாண் விற்கும் முச்சக்கரவண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் வந்தது, வாங்க ஆளில்லாமல் திரும்பிப் போனது. அதிகாரிக்கு வைத்த தேத்தண்ணி ஆறி ஆடை கட்டியது. ஹார்ட்வெயர் அண்ணை "பாத்தீங்களே சேர்" என்பதுபோலக் கண்ணைக் காட்டினார். ரீச்சர் அசையவில்லை. அதிகாரி நல்ல மனிதர்தான். பிள்ளை தவிப்பதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. குனிந்து, அன்பாக, "கப்பல் எண்டு சொல்லுங்கோ பிள்ளை. க... ப்... பல்..." என்றார்.

வகுப்பே மூச்சை உள்ளே இழுத்தது. அந்த அறையில் யாரும் யாருடைய பதிலையும் எடுத்ததில்லை. மயூரி கதிரையோடு திரும்பினாள். அதிகாரியை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"கதைக்காதேங்கோ. நான் யோசிக்கிறன்."

சொன்னது என் மகள்தான். அதுவரை ஒரு சொல்லோடு இன்னொரு சொல்லைச் சேர்த்திராத என் மகள். சுகந்தி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், வேறென்ன செய்ய? அதிகாரி மெதுவாக ஒரு குட்டிக் கதிரையை இழுத்து, முழங்கால் நாடியில் முட்ட உட்கார்ந்து, விரலை உதட்டில் வைத்துக்கொண்டார். ஹார்ட்வெயர் அண்ணையும் தரையில் குந்தினார்.

யோசித்து முடித்தபின் மயூரி விரலால் திரையைக் காட்டினாள்.

"அப்பா போறார்."

ரீச்சர் தலையசைத்துவிட்டு ரிமோட்டை அமுக்கினார். அக்கா கை தட்டினா: "மிகச் சரி! கப்பல்!"

"பிழை விட்டுட்டீர் பிள்ளை" என்று ரீச்சர் அவவை மறுபடி நிறுத்தினார். "அது கப்பல் மட்டும் இல்லை. அவளின்ர அப்பா." பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பி, கொஞ்சம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "இவா கெட்டிக்காரி, சேர். நல்லாப் படிப்பிப்பா. காதுதான் கேக்காது. அதுக்குத்தான் நான் பக்கத்தில நிக்கிறனான்."

ரீவி கழற்றப்படவில்லை. அதிகாரி போகும்போது பேரனுக்காக அந்த நிகழ்ச்சியின் விபரம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அடுத்த மாதம் ஹார்ட்வெயர் அண்ணை புதிதாகப் பெரிய ரீவி ஒன்றைக் கொண்டுவந்து தானே சுவரில் பூட்டிக் கொடுத்தார். ரீச்சர் அதன் ரிமோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்து, "பழசுக்குத்தான் பொறுக்கத் தெரியும். இதுக்கும் நான்தான் பழக்கவேணும்" என்று அலுத்துக்கொண்டு, அதையும் ரிபனில் கட்டிக்கொண்டார். இப்போது கழுத்தில் இரண்டு தொங்குகின்றன.

மயூரி இப்போது பெரிய பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். வாயை மூடுவதில்லை. அவசரப்படுத்தும் ஆசிரியர்களிடம் "பொறுங்கோ சேர், நான் யோசிக்கிறன்" என்கிறாளாம், முறைப்பாடு வருகிறது. முறைப்பாட்டைக் கேட்கப் போகும்போது நல்ல சேர்ட் போட்டுக்கொண்டு போகிறேன். எனக்கு அவ்வளவு பெருமை.

வேலை முடிந்து மோட்டார்சைக்கிளில் வரும்போது முன்பள்ளிப் பக்கம் ரீவிச் சத்தம் கேட்கும். சில நாட்களில் நான் சரியாக அந்த வாசலைக் கடக்கும் நேரம் "பொறும் பிள்ளை!" என்ற குரலோடு அந்தச் சத்தம் நின்றுவிடும். நானும் எஞ்சினை நிறுத்திவிட்டு, காலை ஊன்றி அப்படியே நிற்பேன். உள்ளே யாருடையதோ பிள்ளை யோசித்துக்கொண்டிருக்கிறது.