மாமாவின் சவாரி மாட்டுக்கு நான் கொடுத்த தாது உப்பு

புது மாப்பிள்ளை ஒருவன் மாமனார் வீட்டில் செய்யவேண்டிய ஒரே வேலை, போட்டதைச் சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருப்பது. எனக்கு அது போதவில்லை. இன்றைக்கும் நினைத்தால் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாது.

சண்டிலிப்பாயில் மாமா வண்டிப் பந்தயத்துக்கென்றே ஒரு சோடி சவாரி மாடு வளர்த்தார். மாட்டுவண்டிச் சவாரிக்காரர்கள் தீனி விஷயத்தை வெளியில் கதைக்கமாட்டார்கள். மாமா வீட்டுக்குள்ளேயே கதைக்கமாட்டார். பருத்திக்கொட்டை, உழுத்தம்மா, முட்டை எல்லாம் கண்ணால் கண்டது. மிச்சம் பரம ரகசியம்.

நான் அப்போது ஜிம்முக்குப் போய் (உடம்பு வளரவில்லை, வாய்தான் வளர்ந்தது) ஊருக்கெல்லாம் விற்றமின் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தேன். சோடியில் மெலிந்தவன் வெள்ளையன். "உவனுக்கு மக்னீசியம் காணாது" என்று நானே தீர்ப்புச் சொல்லி, தாது உப்பு வாங்கி வந்து, மாமா கோயிலுக்குப் போகும் பின்னேரங்களில் பிண்ணாக்குத் தண்ணீரில் கலந்து கொடுத்தேன். வென்றபிறகு சொல்லலாம், மாமா என்னையும் ஒரு ஆளாக மதிப்பார் என்று ஆசை.

சவாரியன்று பாதித் திடலில் வெள்ளையன் நின்றான். வாலைத் தூக்கினான். பின்னால் வண்டியில் நின்ற மாமாவின் வேட்டி வெள்ளையாய் இருந்தது அந்தக் கணம் வரைக்கும்தான். மற்ற மாடு இழுத்த இழுவையில் வண்டி அரைவட்டம் அடித்து, புறப்பட்ட இடத்துக்கே ஓடியது. சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

"பக்கத்து வளவுக்காரன்ரை கண்தான். நேற்றும் வேலிக்கு மேலாலை பாத்தவன்" என்றார் மாமி.

"ஓம் மாமி, நானும் கண்டனான்" என்றேன். (வெட்கங்கெட்டவன்.)

பொழுதுபடுவதற்குள் வெள்ளையன் எழும்ப முடியாமல் படுத்துவிட்டான். மிருக வைத்தியர் வந்தார். "உப்பு ஏதும் குடுத்தனீங்களோ?"

மாமா தயங்கினார். "காலமையிலை தாது உப்புக் கொஞ்சம். அளவாத்தான், டொக்டர்."

மாடு கண் செருகிக் கிடந்தது. சொல்லாவிட்டால் செத்துவிடும்.

"பின்னேரத்திலை நானும் போட்டனான்."

மாமா என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. மாட்டின் நெற்றியைத் தடவிக்கொண்டு, "பிழைச்சிடுவானோ, டொக்டர்?" என்று மட்டும் கேட்டார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிழைத்துக்கொண்டான். வீணாய்ப் பழி சுமந்த பக்கத்து வளவுக்காரரிடம் மன்னிப்புக் கேட்க மாமி என்னையே அனுப்பினார்.

இப்போது எனக்கொரு மகள். போன மாதம் பிள்ளைக்கு வயிற்றாலை போக, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். பிள்ளை என்ன சாப்பிட்டது என்று டொக்டர் கேட்டார்.

மாமி முந்திக்கொண்டார். "அதை விடுங்கோ. தகப்பன் ஏதும் குடுத்தவரோ எண்டு முதல் கேளுங்கோ."

டொக்டரும் கேட்டார்.