குடியிருப்புக்கு ஏற்ற லென்ஸ்

ஊழியர் குடியிருப்பு கட்டி முடிக்கப்பட்டதற்கு ஆதாரமாகத் தலைமையகத்துக்கு அனுப்பிய புகைப்படம் திரும்பி வந்துவிட்டது. 'படம் தட்டையாக உள்ளது. முப்பரிமாணத் தோற்றம் விரும்பத்தக்கது' என்று அதன் முதுகில் எழுதியிருந்தார்கள்.

இயக்குநர் துறையின் புகைப்படக்காரரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"என்னய்யா படம் இது? அட்டையில வெட்டி நிறுத்தின மாதிரி இருக்கு."

"நேர்லயும் அப்படித்தான் சார் இருக்கு. முன்சுவர் மட்டும்தான் கட்டியிருக்காங்க. கதவு, ஜன்னல், பெயின்ட் எல்லாம் கச்சிதம். பின்னால போனா மாடு மேயுது."

"நீ பொறியாளரா?"

"இல்ல சார்."

"மாட்டு டாக்டரா?"

"இல்ல சார்."

"அப்ப படத்துல இருக்கிற குறையை மட்டும் பேசு."

"சரி சார்" என்றார் புகைப்படக்காரர். அந்தக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஒரு வீடு அவருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து மனைவியின் அண்ணன் வீட்டு மாடி அறையில்தான் குடித்தனம். மச்சான் தங்கமான மனிதர். காலி செய்யுங்கள் என்று ஒருநாளும் சொன்னதில்லை. தினமும் காலையில் குளியலறைக் கதவைத் தட்டி, "மாப்பிள்ளை, உங்க வீட்டுக் குளியலறை எப்ப முடியும்?" என்று அன்பாக விசாரிப்பார், அவ்வளவுதான்.

இயக்குநர் விளக்கினார். படம் ஏற்கப்பட்டால்தான் முதற்கட்டம் முடிந்ததாகக் கருதப்படும். அது முடிந்தால்தான் இரண்டாம் கட்டம், அதாவது அறைகள், பரிசீலனைக்கு வரும். "உனக்கு வீடு வேணுமா, வேணாமா?"

"வேணும் சார்."

"அப்ப நல்ல லென்ஸாப் பாரு."

பார்க்கச் சொன்னாரே தவிர, அரசாங்க லென்ஸைத் தனியொரு மனிதர் பார்த்துவிட முடியுமா? குழு அமைக்கப்பட்டது. இயக்குநர் தலைவர். சட்ட அதிகாரி உறுப்பினர். அவருக்கும் அதே குடியிருப்பில் பக்கத்து வீடு. கணக்கு அதிகாரி நிபுணர். விடுமுறை நாட்களில் பூக்களைப் படமெடுப்பவர் என்பது அவருடைய தகுதி. எந்தப் படத்தைக் காட்டினாலும் கண்ணைச் சுருக்கி, "ஆழம் பத்தலை" என்பார். அதனால் அலுவலகத்தில் அவருக்குப் பெயரே ஆழம்.

முதல் கூட்டத்தில் ஆழம் பேசினார். "இந்தக் காலத்து லென்ஸ்ல கண்ணாடி ரொம்ப அதிகம். ஒவ்வொரு கண்ணாடியும் கொஞ்சம் ஆழத்தைக் குடிச்சிடும். பழைய லென்ஸ்ல கண்ணாடி கம்மி. அதான் படத்துல இருக்கிற ஆளு எழுந்து வந்து கை குடுப்பான்."

"கண்ணாடியே இல்லாம இருந்தா?" என்று சட்ட அதிகாரி கேட்டார்.

"ஆழம் அளவில்லாம இருக்கும். படம்தான் வராது."

இந்தக் கருத்தைக் குழு மிகுந்த கவனத்துடன் குறித்துக்கொண்டது.

கடையிலிருந்து மூன்று லென்ஸ்கள் தருவிக்கப்பட்டன. மூன்றாலும் இயக்குநரின் நாற்காலியைப் படமெடுத்துக் குழுவின் முன் வைக்கும்படி உத்தரவு. புகைப்படக்காரர் எடுத்தார், அச்சிட்டார், வரிசையாக வைத்தார்.

"முதல் படத்துல நாற்காலி தாள்லயே ஒட்டிக்கிட்டிருக்கு" என்றார் ஆழம். "ரெண்டாவதுல எழுந்திரிக்கலாமான்னு யோசிக்குது. மூணாவதைப் பாருங்க!"

"உட்காரலாம் போல இருக்கு" என்றார் சட்ட அதிகாரி.

"அது என் நாற்காலி" என்றார் இயக்குநர்.

மூன்றாவது லென்ஸ் ஒருமனதாகத் தேர்வாயிற்று. தன் அறைக்குத் திரும்பிய பிறகுதான் புகைப்படக்காரர் தவறைக் கவனித்தார். அவசரத்தில் முதல் லென்ஸில் எடுத்த படத்தையே மூன்று முறை அச்சிட்டிருந்தார். ஓடிப்போய் ஆழத்திடம் சொன்னார்.

ஆழம் பதறவில்லை. "ஒரே படமா? மூணு அதிகாரிங்க மூணு வித்தியாசம் பார்த்திருக்கோம். எங்க கண்ணு பொய்யா, உன் அச்சு இயந்திரம் பொய்யா?"

"இயந்திரம்தான் சார்" என்றார் புகைப்படக்காரர். வேறென்ன சொல்வது? குளியலறைக் கதவு ஞாபகம் இருந்தது.

புது லென்ஸை மாட்டிக்கொண்டு குடியிருப்புக்குப் போனார். சுவர் சுவராகவே நின்றது. படமும் அப்படியே வந்தது. வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டுதான் குழுவிடம் நீட்டினார்.

ஆழம் துள்ளி எழுந்தார். "ஜன்னல் வழியாப் பாருங்க சார்! பின்னால வானம். வானத்துக்குக் கீழே மலை. ஒரு வீட்டுக்குள்ள மலை வரைக்கும் ஆழம் தெரிஞ்சு யாராவது பார்த்திருக்கீங்களா?"

"காற்றோட்டமும் தெரியுது" என்றார் இயக்குநர்.

"அந்த மாடு?" என்றார் சட்ட அதிகாரி.

"அது அளவுக்கு. எவ்வளவு தூரம்னு பார்க்கிறவனுக்குப் புரியணும்ல" என்றார் ஆழம்.

படத்தில் காணப்படும் ஆழம் இயற்கையானது, செயற்கையாகச் சேர்க்கப்பட்டதல்ல என்று புகைப்படக்காரர் கையொப்பமிட வேண்டியிருந்தது. யோசித்துப் பார்த்தார். வானமும் மலையும் இயற்கைதான். மனசாட்சிக்கு விரோதமில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

படம் ஏற்கப்பட்டது. துறையின் மாத இதழில் அந்தக் கையொப்பத்தோடு அட்டைப்படமாகவும் வந்தது. இரண்டாம் கட்டம் எப்போது தொடங்கும் என்று புகைப்படக்காரர் கேட்கப் போனபோது, இயக்குநர் கை குலுக்கிச் சாவியைக் கொடுத்தார்.

"சார், அறைகள்…"

"கட்டி முடிச்ச வீட்டுக்குள்ள எப்படிய்யா கட்டுறது? மலை வரைக்கும் குடுத்திருக்கோம். அதுக்கு மேல கேட்டா ஆடம்பரம். உடனே குடியேறு, இல்லேன்னா ஒதுக்கீடு ரத்து."

வீட்டுக்கு வந்தால், மச்சான் அட்டைப்படத்தைத் தெரு முழுக்கக் காட்டி முடித்திருந்தார். வாசலில் வேன் நின்றது. அதில் கட்டிலும் பாத்திரங்களும் ஏறிக்கொண்டிருந்தன.

"மச்சான், அவசரப்படாதீங்க. அது வெறும் சுவர்தான்."

"உங்களுக்கு எப்பவும் இந்த அடக்கம்தான் மாப்பிள்ளை. படத்தைப் பார்த்தா ஹால் மட்டுமே கண்ணுக்கு எட்டாத தூரம் போகுது."

"நான்தானே எடுத்தேன்!"

"கையெழுத்தும் நீங்கதானே போட்டிருக்கீங்க? பொய்யா போட்டீங்க?"

மனைவி வேனின் முன்சீட்டில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். "என்னங்க, வம்பு பேசாம ஏறுங்க. எங்க அண்ணன் எவ்வளவு சந்தோஷமா இருக்காரு, பாருங்க."

குடியிருப்பில் சாமான்களை இறக்கினார்கள். பக்கத்து வாசலில் சட்ட அதிகாரி தன் கதவை உள்ளிருந்து பூட்டி, இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, சுவரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். புதுக் குடித்தனக்காரர்களுக்கு வணக்கம் வைத்துவிட்டுப் போனார்.

மனைவி சாவி போட்டுக் கதவைத் திறந்தாள். காற்று வந்தது. மாடு திரும்பிப் பார்த்தது. அவள் கதவைச் சாத்திவிட்டு, தவறான வீட்டைத் திறந்துவிட்டோமோ என்று கதவு எண்ணைப் பார்த்தாள். எண் சரியாக இருந்தது.

"அண்ணே…" என்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மச்சான் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். கையிலிருந்த அட்டைப்படத்தைப் பார்த்தார். மறுபடி மலையைப் பார்த்தார். பிறகு புகைப்படக்காரரின் தோளில் கை போட்டு, தங்கை காதில் விழாதபடி ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"மாப்பிள்ளை, அந்த லென்ஸ் இன்னும் உங்க கையிலதானே இருக்கு?"

"இருக்கு மச்சான்."

"நாளைக்கு ஒரு நடை வீட்டுக்கு வாங்க. நீங்க காலி பண்ணின மாடி அறையை அதுல ஒரு படம் எடுத்துக் குடுங்க. வாடகைக்கு விடலாம்னு இருக்கேன்."