அப்பா அனுப்பிய லாக்

கார்டன் லேக், ஒன்டாரியோ
வியாழக்கிழமை மாலை

மதிப்பிற்குரிய லாயிட் மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் பிரிட்டா பணிவன்புடன் எழுதுவது. இங்கே நான் நலம், அம்மா நலம், அப்பா நலமா என்பது நாளைக் காலையில்தான் தெரியும். அங்கே டொரொன்டோவில் நீங்களும் ஷெரில் அத்தையும் நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

நடந்தவை அனைத்தையும் உள்ளது உள்ளபடி எழுதப் போகிறேன். எங்கள் பக்கம் தவறாக இருந்தாலும் மறைக்க மாட்டேன். மின்னஞ்சலில் அனுப்பியிருக்கலாம், ஆனால் மன்னிப்புக் கேட்பதென்றால் காகிதத்தில் மையால் எழுதித்தான் கேட்க வேண்டும் என்பது அம்மாவின் கட்சி. முதலில் மோசமான செய்தியைச் சொல்லிவிடுகிறேன். அக்டோபரில் நன்றி நாள் விருந்துக்கு வந்தபோது எங்கள் பழைய மடிக்கணினியில் நீங்கள் போட்டுக் கொடுத்தீர்களே ஆன்வில் என்ற லினக்ஸ், அது இப்போது அதில் இல்லை. அதன் இடத்தில் மிட்டன் இருக்கிறது. லினக்ஸ் வகைகள் எல்லாமே உள்ளே ஒரே உடம்புதான், சட்டைதான் வேறு என்று நீங்களே அன்றைக்குச் சொன்னதால் இதைப் பெரிய துரோகமாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்பப் பார்க்கிறேன். ஆனால் மிட்டன் என்பது பெயருக்கேற்றபடி கையுறையைக் கழற்றத் தெரியாதவர்களுக்கானது என்றும் அன்றைக்கே சொன்னீர்கள். அதனால்தான் இந்தப் பத்தியை முதலில் வேறு தாளில் எழுதிப் பார்த்தேன்.

உங்களிடம் முதலிலேயே கேட்டிருக்கலாமே என்பீர்கள். அப்பா கூடாது என்றுவிட்டார். வான்கோழி வெட்டிக்கொண்டிருந்தபோது நீங்கள் எல்லார் முன்னாலும், "ரெய்னோ, இதை உங்களாலகூடக் கெடுக்க முடியாது" என்று சொன்னது உங்களுக்கு நினைவிருக்காது. அப்பாவுக்கு இருக்கிறது. டிசம்பர் கடைசியில் அந்தக் கணினியில் இணையம் வராமல் போனதும் அவர் முதலில் சொன்னது, "உங்க மாமாவுக்கு மட்டும் தெரியக் கூடாது கண்ணு" என்பதுதான். ஆக, இந்தக் கடிதமே ஒரு கீழ்ப்படியாமை.

இணையம் இல்லாமல் நாங்கள் இருந்துவிடுவோம். ஆனால் தேர்வு இருக்கிறது. அப்பாவின் வேலை என்னவென்று டொரொன்டோவில் இத்தனை நாள் இருந்து மறந்திருப்பீர்கள். மரம் அறுக்கும் மில்லுக்கு வரும் ஒவ்வொரு லாக்கையும் அளந்து, என்ன மரம், எவ்வளவு தேறும், எங்கே அழுகல் என்று சொல்பவர் அவர். அந்த உரிமத்தைப் புதுப்பிக்கும் தேர்வை இந்த ஆண்டு முதல் இணையத்தில்தான் எழுத வேண்டும். நாளை காலை எட்டு மணிக்கு. கைப்பேசியில் அது திறக்காது. நூலகத்தில் எழுதலாமென்றால் குழாய் உறைந்து வெடித்து நூலகத்தைப் பூட்டிவிட்டார்கள். நாளைக்குத் தவறினால் அடுத்த தேர்வு கோடையில். அதுவரை அப்பா வெளிக்களத்தில் நின்று பலகை அடுக்க வேண்டும். இன்றைக்கு இங்கே மைனஸ் முப்பத்தொன்று. அவருடைய தோள்பட்டையைப் பற்றி உங்களுக்குத் தெரியும்.

அதனால் உங்களிடம் கேட்காமல், நீங்கள் சொன்ன இடத்தில் கேட்டோம். உலகத்திலேயே பெரிய மூளைக்காரர்கள் ஆன்வில் இணைய மன்றத்தில்தான் இருக்கிறார்கள் என்று சொல்லியிருந்தீர்கள் அல்லவா, அங்கேதான். அம்மாவின் கைப்பேசியில் அப்பாவே ஒற்றை விரலால் எழுதினார். வணக்கம் சொல்லி, பெயர் சொல்லி, ஊர் சொல்லி, தேர்வைப் பற்றிச் சொல்லி, இணையம் வரவில்லை என்று சொல்லி, நேரம் ஒதுக்கிப் படித்ததற்கு நன்றியும் சொல்லியிருந்தார். முதல் பதில், கையேட்டைப் படி என்று வந்தது. இரண்டாவது பதில், உன் வாழ்க்கை வரலாறு எங்களுக்கு எதற்கு என்று வந்தது. மூன்றாவது ஆள்தான், லாக் இல்லாமல் இங்கே யாரும் கேள்வி கேட்பதில்லை, முதலில் லாக்கை அனுப்பு என்று எழுதினார்.

மாமா, எங்கள் ஊரில் லாக் என்றால் கிளை கழித்த முழு மரக்கட்டை. பெட்ரோல் பங்கிலும் லாக்தான், மாதா கோவில் வாசலிலும் லாக்தான். வேறு பொருள் இருப்பதாக இங்கே யாருக்கும் தோன்றாது. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் அன்றைக்கு எனக்கு வரலாற்றுப் பாடத்தில் ஒப்படைப்பு இருந்தது. அப்பா அந்தப் பதிலைப் படித்துவிட்டு முகம் மலர்ந்தார். "இப்பத்தான் ஒருத்தன் உருப்படியாக் கேட்டிருக்கான். நான் நெசமாவே மில்லுக்காரனான்னு பாக்குறாங்க. பாக்கட்டுமே" என்றார். மறுநாள் மில்லில் போய், சுமாரானதை அனுப்பினால் மரியாதையாக இருக்காது என்று நல்ல வெள்ளை ஸ்ப்ரூஸ் கட்டை ஒன்றைத் தேடி எடுத்து, பனியைத் துடைத்து, அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் பிடித்தார். அதற்குக் கீழே மரத்தின் வகையும் சிறிய முனையின் விட்டமும் எழுதி, ஒரு ஓரத்தில் லேசாக அழுகல் இருப்பதையும் மறைக்காமல் குறிப்பிட்டு, கேட்டபடி லாக் இத்துடன் உள்ளது ஐயா, வேண்டுமானால் இன்னும் அனுப்புகிறேன் என்று முடித்திருந்தார்.

அதற்கு வந்த பதில்களை எல்லாம் எழுத என் பேனா ஒப்பவில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன்: கட்டையைக் கணினி முன்னால் உட்கார வைத்துவிட்டு ஆளை மில்லுக்கு அனுப்புங்கள், இரண்டு இடத்திலும் வேலை நன்றாக நடக்கும் என்று ஒருவர் எழுதியிருந்தார். பலர் அதற்கு விருப்பக் குறி போட்டிருந்தார்கள். பிறகு மன்றத்தின் மேற்பார்வையாளர் வந்து அந்த உரையாடலையே பூட்டிவிட்டார். கேட்டவருக்கு லாக் என்றால் என்ன என்று ஒரே ஒரு வரி எழுத அத்தனை மூளைக்காரர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அப்பா எல்லாவற்றையும் கடைசி வரை படித்தார். கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். காப்பிக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, திங்கட்கிழமை பலகைக் களத்துக்குப் பெயர் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன், இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா அவருடைய கம்பளி உள்ளாடைகளை எடுத்து எண்ண ஆரம்பித்தார்.

அன்றைக்கு நான் ஒரு முடிவெடுத்தேன். எந்த லினக்ஸ் வேகமானது, எது அழகானது என்று ஒப்பிடும் கட்டுரைகள் ஏராளம் இருக்கின்றன. பள்ளியில் மதிய இடைவேளைகளில் அவற்றைப் படித்தேன், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆகவே வேறு வழியில் தேடினேன். ஒவ்வொரு வகைக்கும் உள்ள மன்றத்துக்குப் போய், அங்கே கேட்கப்பட்டதிலேயே அசட்டுத்தனமான கேள்வி எது என்று தேடிப் பிடித்து, அதற்கு என்ன பதில் சொன்னார்கள் என்று மட்டும் பார்த்தேன். மிட்டன் மன்றத்தில் ஒருவர், குப்பைத்தொட்டியையே தெரியாமல் அழித்துவிட்டேன், இப்போது குப்பையை எங்கே போடுவது என்று கேட்டிருந்தார். நானும் முதல் வாரத்தில் இதையே செய்தேன், வாருங்கள், சேர்ந்து தேடலாம் என்று பதில் இருந்தது. பதில் எழுதியவர் வெர்னா என்ற அம்மையார். சஸ்காட்செவனில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். அவரிடம் நடந்ததை எல்லாம், கட்டையின் படம் உட்பட, ஒளிக்காமல் எழுதினேன்.

அவருடைய பதிலை அப்பாவுக்கு நான் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "நல்ல ஸ்ப்ரூஸு. அழுகலைச் சொன்னாரு பாரு, அந்த மாதிரி ஆளுக்கு உதவி பண்றதுல எனக்குச் சந்தோஷம். அப்பாகிட்டச் சொல்லு கண்ணு, கம்ப்யூட்டரும் தனக்கு நடந்ததையெல்லாம் நிமிஷத்துக்கு நிமிஷம் ஒரு பக்கமா எழுதி வச்சுக்கும். அதுக்கும் லாக்குன்னு பேரு வச்சுட்டாங்க. பேரு வச்சவங்க மில்லுப் பக்கம் போனதில்ல போல." அப்பா இரண்டாவது தடவை படிக்கச் சொன்னார். பிறகு கைப்பேசியைத் தன்னிடம் கொடுக்கச் சொன்னார்.

மிட்டனைப் போட்ட கதையும் சுகமானதல்ல. பள்ளியில் அனுமதி வாங்கி அதை ஒரு பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். அப்பா பதற்றத்தில் முதல் திரையிலேயே ஏதோ அழுத்த, எல்லாமே பிரெஞ்சில் வர ஆரம்பித்தது. என் பள்ளிக்கூடப் பிரெஞ்சை வைத்துக்கொண்டு, கணினியின் வட்டை முழுவதும் அழிக்கலாமா என்ற கேள்விக்கு நான் ஊருக்குள் வழி சொல்வது போல ஏதோ பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். வெர்னாவுக்குப் பிரெஞ்சு தெரியாது. அவர் மாங்டன் ஊரிலிருக்கும், பிரெஞ்சு தெரிந்த யுலீஸ் என்பவரை மன்றத்தில் கூப்பிட்டார். அந்த மனிதர் இரவு உணவை அப்படியே வைத்துவிட்டு மன்றத்துக்கு வந்து, ஒவ்வொரு திரையையும் எங்களுக்கு மொழிபெயர்த்தார். நடுவில் அவர் மனைவி வந்து, சூப் ஆறுகிறது, அந்த மில்லுக்காரருக்கு முடிந்ததா இல்லையா என்று கேட்டதையும் எழுதினார். கணினியில் இருந்த உங்கள் திருமணப் படங்களை முதலிலேயே வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டோம். அதற்கு வெர்னா திரும்பத் திரும்ப நினைவூட்டியதே காரணம். முடிந்து திறந்ததும் இணையம் தானாக வந்து நின்றது. ஆன்வில் தராததை மிட்டன் தந்தது. அந்த மகிழ்ச்சியில் அம்மா வெண்ணெய் டார்ட் என்ற இனிப்புச் சுட்டார். பலகைக் களத்தைப் பற்றி அப்பா பிறகு பேசவில்லை.

எனவே மாமா, ஆன்வில்லில் ஏதோ அடிப்படைக் கோளாறு இருக்கிறது என்று இதன் மூலம் மரியாதையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். உங்கள் கணினியையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளவும். ஈஸ்டருக்கு வரும்போது கையுறை பற்றி எதுவும் பேச வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இது உங்கள் கைக்கு வரும்போது தேர்வு முடிந்திருக்கும்; இருந்தாலும், உங்களுக்கு வழக்கமில்லை என்றாலும், அப்பாவுக்காக ஒரு நிமிடம் வேண்டிக்கொள்ளுங்கள். ஷெரில் அத்தைக்கு என் அன்பு. உங்கள் வீட்டுப் பூனைக்கு எங்கள் மூவரின் விசாரிப்பு.

மற்ற எல்லா விஷயங்களிலும் கீழ்ப்படிகிற,
பிரிட்டா கிவெலா

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் இது நேர்ந்தது. சாப்பிட்டதும் ஒருமுறை ஒத்திகை பார்க்கலாமென்று அப்பா கணினியைத் திறந்தார். இணையம் இல்லை. மிட்டனிலும் இல்லை. அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் மூடிவைக்கவில்லை, கைப்பேசியை எடுத்து வெர்னாவுக்கு எழுதினார். "பயப்படாதீங்க ரெய்னோ. மெஷினோட முன்பக்க ஓரத்துல விரலால தடவுங்க. சின்னதா ஒரு தள்ளு பொத்தான் இருக்குதா?" என்று வெர்னா கேட்டார். இருந்தது. தள்ளியதும் இணையம் வந்தது. பழைய கணினிகளில் இணையத்துக்கென்று அப்படி ஒன்று வைப்பார்களாம். டிசம்பரிலும் இன்றைக்கும் அப்பா மேசையில் சாய்ந்து படிக்கும்போது அவருடைய தடித்த சட்டைக் கை அதில் மாட்டி இழுத்திருக்கிறது. மிட்டன் போட்ட அன்றைக்குக் கணினியைத் திருப்பும்போது அதுவாகவே மறுபக்கம் நகர்ந்திருக்கிறது. ஆகவே ஆன்வில்லில் எந்தக் கோளாறும் இருந்ததில்லை. மேலே அதைப் பற்றி எழுதியது முழுவதும் பொய். மையால் எழுதிவிட்டதால் அழிக்க முடியவில்லை. தயவுசெய்து மனத்துக்குள் அடித்துவிடவும்.

அப்படியானால் நீங்கள் வருவதற்குள் ஆன்வில்லையே திரும்பப் போட்டுவிடலாமா, உங்களுக்கும் மனக்கசப்பு இருக்காதே என்று அப்பாவிடம் கேட்டேன். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே சொன்னார்:

"உங்க மாமா போட்டது நல்ல சாமான்தான் கண்ணு. ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனா நாளைக்கு மறுபடி ஒண்ணுன்னா, அங்க போயி நான் யாரைக் கேப்பேன்?"

இந்தக் கேள்வியை அப்படியே உங்களுக்கு அனுப்புகிறேன். பதில் தெரிந்தால் எழுதுங்கள். இன்னும் எழுதியிருப்பேன், காலையில் எட்டு மணிக்குத் தெளிவான தலை வேண்டும் என்று சொல்லி அப்பா விளக்கை அணைத்துவிட்டார்.